புரோட்டான் சிதறல்: ஒரு கோட்பாட்டு மாதிரியை எப்படிச் சோதிக்கிறார்கள்?

புரோட்டான்கள் மோதுகின்றன என்றதும் நம் கண்முன் வருவது, மோதிய இடத்திலிருந்து நாலாபுறமும் தெறிக்கும் நூற்றுக்கணக்கான துகள்களின் படம். செய்திகளில் வருவதும் அதுதான். 2012-இல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்ததும் அப்படிப்பட்ட மோதல்களை அலசித்தான். ஆனால் செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. முடுக்கியில் ஏறக்குறைய நான்கில் ஒரு மோதலில் எதுவும் உடைவதில்லை, புதிதாக எதுவும் பிறப்பதில்லை. இரண்டு புரோட்டான்கள் வருகின்றன, இரண்டு புரோட்டான்கள் போகின்றன. போகும் திசை மட்டும் மிகமிகச் சிறிதளவு மாறியிருக்கிறது. இதற்கு மீள்சிதறல் என்று பெயர்.

கேட்டால் சப்பென்று இருக்கலாம். எனக்கோ துகள் இயற்பியலில் இதைவிட ஈர்ப்பான கேள்வி இல்லை. இவ்வளவு எளிய நிகழ்வை நம்மால் அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து நேராகக் கணக்கிட முடியவில்லை என்பதுதான் காரணம். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளையும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களையும் பற்றிய கோட்பாடு, குவாண்டம் குரோமோடைனமிக்ஸ், நம்மிடம் இருக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று பலமாக அடித்துப் பெரிய கோணத்தில் விலகும்போது அது அருமையாக வேலை செய்கிறது. அப்போது விசையின் வலிமை குறைவு; முதல் தோராயம், அதற்கொரு சிறு திருத்தம், இன்னொரு சிறு திருத்தம் என்று படிப்படியாகக் கணக்குப் போடலாம். மென்மையாக உரசிப் போகும் மோதலில் விசை வலுத்துவிடுகிறது. திருத்தங்கள் முதல் தோராயத்தின் அளவுக்கே வந்து நிற்பதால் அந்தக் கணக்குமுறை கைவிட்டுவிடுகிறது.

அதனால்தான் மாதிரிகள் வேண்டியிருக்கின்றன. கோட்பாட்டின் பொது விதிகளை மீறாமல், தெரியாத பகுதிகளை நியாயமான ஊகங்களால் நிரப்பி எழுதிய சூத்திரம்தான் மாதிரி. ஊகம் இருக்கும் இடத்தில் சோதனையும் இருந்தாக வேண்டும். சரி, எதை வைத்துச் சோதிப்பது?

முதலில் அளக்கப்படுவது குறுக்குவெட்டு. ஒரு புரோட்டான் இன்னொன்றுக்கு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் பரப்பளவு அது. அலகு மில்லிபார்ன், பத்து மில்லிபார்ன் என்பது ஒரு ஃபெம்டோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு. எந்த விதமான மோதலாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைப்பது மொத்தக் குறுக்குவெட்டு. எல்.எச்.சி. ஆற்றலில் இது ஏறக்குறைய 100 மில்லிபார்ன்.

இந்த எண் ஆற்றலோடு மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதில்தான் கோட்பாட்டாளர்களுக்கு முதல் பெரிய அதிர்ச்சி கிடைத்தது. 1960-களில் ஆற்றல் கூடக்கூட இது ஒரு நிலையான மதிப்புக்கு வந்து நின்றுவிடும் என்றே பெரும்பாலோர் எண்ணினர். 1971-இல் செர்னில் ஐ.எஸ்.ஆர். என்ற, உலகின் முதல் புரோட்டான்–புரோட்டான் மோதல் முடுக்கி ஓடத் தொடங்கியது. 1973-இல் அங்கிருந்து வந்த அளவீடுகள், அந்த முடுக்கியின் ஆற்றல் எல்லைக்குள்ளேயே குறுக்குவெட்டு சுமார் 10 சதவீதம் ஏறுவதைக் காட்டின. ஹங் செங், டாய் சுன் வூ என்ற இருவர் மட்டும் 1970-இலேயே, இது ஏறிக்கொண்டேதான் போகும் என்று கணித்து எழுதியிருந்தார்கள். தரவு வருவதற்கு முன்பே சொன்னார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கடைசிவரை நமக்குத் தேவைப்படும் விஷயம் அது.

ஏறலாம், ஆனால் இஷ்டத்துக்கு ஏற முடியாது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது போன்ற அடிப்படை விதிகளிலிருந்து மார்செல் ஃப்ருவாசார் 1961-இல் ஒரு வரம்பைக் காட்டினார். மிக உயர்ந்த ஆற்றல்களில் மொத்தக் குறுக்குவெட்டு, ஆற்றலின் மடக்கையின் வர்க்கத்தைவிட வேகமாக வளர முடியாது. பின்னர் ஆந்த்ரே மார்ட்டின் இதை இன்னும் உறுதியான அடித்தளத்தில் நிறுவினார். இந்த வரம்பை மீறும் மாதிரி எங்கோ பொய்த்தே தீரும். என்றாலும் வரம்பு சொல்லும் எண், அளந்த எண்ணைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே இதை மீறவில்லை என்பதால் மட்டும் ஒரு மாதிரிக்கு நற்சான்று கிடைத்துவிடாது.

இரண்டாவதாக அளப்பது ஒரு வளைவு. எத்தனை புரோட்டான்கள் எவ்வளவு விலகுகின்றன என்பதன் வரைபடம். படுக்கை அச்சில் கோணத்துக்குப் பதிலாக, புரோட்டான் பக்கவாட்டில் வாங்கிக்கொண்ட உந்தத்தின் வர்க்கத்தைக் குறிப்பார்கள். அதற்கு டி என்ற எழுத்து. இந்த வளைவு மிக அழகானது. இடது ஓரத்தில், விலகல் அறவே குறைவாக உள்ள இடத்தில், செங்குத்தாக எழும்பி நிற்கும் ஒரு சரிவு: இரண்டு புரோட்டான்களின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் வருவது. அதைத் தாண்டியதும் அணுக்கரு விசையின் ஆட்சி. எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில் விழுகிறது. பிறகு திடீரென ஒரு பள்ளம். பள்ளத்தைத் தாண்டி ஒரு சிறு மேடு. அதன் பின் நீண்ட, மெல்லச் சரியும் வால்.

அந்தப் பள்ளம் ஏன் வருகிறது? புரோட்டானும் அலைதான். ஒளி ஒரு கருப்பு வட்டத் தகட்டைக் கடக்கும்போது அதன் பின்னால் வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி வளையங்களாக விழும் அல்லவா, அதே விளிம்பு விளைவுதான் இங்கும். தகடு பெரிதானால் வளையங்கள் உள்நோக்கி நெருங்கும். புரோட்டானிலும் அதைப் பார்க்கிறோம். ஐ.எஸ்.ஆர். ஆற்றல்களில் டி-யின் அளவு சுமார் 1.4 என்ற இடத்தில் இருந்த பள்ளம் (அலகு: ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டின் வர்க்கம்), எல்.எச்.சி.யின் 7 டெரா எலெக்ட்ரான்வோல்ட் (இது ஆற்றலின் அலகு) மோதலில் 0.53-க்கும், 13-இல் 0.47-க்கும் நகர்ந்துவிட்டது. ஆற்றல் கூடும்போது புரோட்டான் அகன்றுகொண்டே போகிறது என்பதை இந்த நகர்வு நேரடியாகக் காட்டுகிறது. பள்ளத்துக்கு முன் வளைவு அடுக்குக்குறி வேகத்தில் விழும் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போவதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது.

இதை அளக்கும் கருவி பற்றி ஒரு வார்த்தை. 7 டெரா எலெக்ட்ரான்வோல்ட் மோதலில் பள்ளத்தில் விழும் புரோட்டான் விலகும் கோணம் சுமார் 0.0002 ரேடியன். மின்விலக்கம் தெரியும் பகுதிக்குப் போக வேண்டுமென்றால் அதைப் போல ஐம்பதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிடிக்க வேண்டும். அவ்வளவு சிறிதாக விலகிய புரோட்டான், நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர் போனாலும் புரோட்டான்கள் கூட்டமாகப் பாயும் கற்றையைவிட்டு சுமார் 4 மில்லிமீட்டர்தான் தள்ளியிருக்கும். எனவே மோதல் நடக்கும் இடத்திலிருந்து 200 மீட்டருக்கும் அப்பால், கற்றைக் குழாய்க்குள்ளேயே நகர்ந்து சென்று, கற்றைக்கு மிக அருகில் நிற்கும் உணர்விகளை வைக்கிறார்கள். ரோமன் பாட் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பை முதலில் ஐ.எஸ்.ஆர்.-இல் செர்ன்–ரோம் குழு பயன்படுத்தியது. எல்.எச்.சி.யில் டோட்டம் என்ற குழுவும், அட்லஸ் குழுவின் ஆல்ஃபா உணர்விகளும் இதைச் செய்கின்றன. வழக்கமான ஓட்டத்தில் இது நடக்காது. கற்றைகளை மோதும் இடத்தில் குறுக்கிப் பிழியாமல், ஏறக்குறைய இணையாகச் செலுத்தும் சிறப்பு ஓட்டங்கள் இதற்கென்றே ஒதுக்கப்படுகின்றன.

இப்போது மாதிரிகளுக்கு வருவோம். நுணுக்கங்களில் எண்ணற்றவை உண்டு. பெரிய குடும்பங்கள் சில மட்டுமே. ஒரு குடும்பம், இரண்டு புரோட்டான்களுக்கு இடையே ஏதோ ஒன்று பரிமாறப்படுகிறது என்று தொடங்கும். உயர் ஆற்றலில் முதன்மையான பரிமாற்றத்துக்கு, இசாக் பொமெரான்சுக்கின் நினைவாக, பொமரான் என்று பெயர். இன்றைய பார்வையில் அது குறைந்தபட்சம் இரண்டு குளுவான்களின் கூட்டு. இன்னொரு குடும்பம் புரோட்டானின் உருவத்திலிருந்து தொடங்கும்: நடுவில் எவ்வளவு அடர்த்தி, விளிம்பில் எவ்வளவு மங்கல், ஆற்றலோடு அது எப்படி மாறுகிறது. இரண்டையும் கலந்தவையும் ஏராளம்.

எந்தக் குடும்பமாக இருந்தாலும் இறுதியில் அது தர வேண்டியது ஒன்றே ஒன்று: சிதறல் வீச்சு. ஒவ்வொரு ஆற்றலுக்கும் ஒவ்வொரு டி-க்கும் ஒரு கலப்பெண், அதாவது ஒரு மெய்ப்பகுதியும் ஒரு கற்பனைப்பகுதியும் கொண்ட எண். மாதிரியைச் சோதிப்பதன் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. மேலே சொன்ன அளவுகள் ஒவ்வொன்றும் அந்த ஒரே வீச்சை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்ப்பவை. விலகலே இல்லாத இடத்தில் வீச்சின் கற்பனைப்பகுதி எவ்வளவோ, அதற்கு நேர்விகிதத்தில் மொத்தக் குறுக்குவெட்டு இருக்கும். இது ஒளியியல் தேற்றம். மெய், கற்பனைப் பகுதிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வளைவு கிடைக்கும். வளைவில் பள்ளம் விழும் இடம் கற்பனைப்பகுதி பூச்சியத்தைக் கடக்கும் இடம். அங்கே வெளிச்சம் முற்றிலும் அணையாமல் காப்பது பெரும்பாலும் மெய்ப்பகுதி. ஆகவே பள்ளத்தின் ஆழம் மெய்ப்பகுதியைப் பற்றிப் பேசுகிறது.

மெய்ப்பகுதியை இன்னும் நேராகப் பிடிக்க ஒரு வழி உண்டு. மின்விசையின் வீச்சு நமக்குத் துல்லியமாகத் தெரியும். வளைவின் இடது ஓரத்தில் அதுவும் அணுக்கரு வீச்சும் ஒரே அளவில் வந்து, அலைகள் போல ஒன்றோடொன்று கலக்கின்றன. அந்தக் கலப்பின் வடிவத்திலிருந்து, விலகல் பூச்சியமான இடத்தில் மெய்ப்பகுதிக்கும் கற்பனைப்பகுதிக்கும் உள்ள விகிதத்தைப் பிரித்தெடுக்கலாம். அந்த விகிதத்துக்கு ரோ என்று பெயர். பொது விதிகளின்படி ரோவும் குறுக்குவெட்டின் வளர்ச்சியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஓர் ஆற்றலில் ரோவை அளந்தால், நாம் இன்னும் எட்டாத ஆற்றல்களில் குறுக்குவெட்டு எப்படி வளரும் என்பதற்கும் அது கொஞ்சம் துப்புக் கொடுக்கும்.

ஒரு மாதிரி மொத்தக் குறுக்குவெட்டை மட்டும் சரியாகத் தந்தால் போதாது என்று இப்போது புரிந்திருக்கும். அந்த எண்ணுக்குப் பொருந்துமாறு அளவுருக்களை, அதாவது மாதிரியில் நாமே மாற்றி வைக்கக்கூடிய எண்களை, திருகி வைப்பது கடினமே இல்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை உடம்புக்குப் பொருந்துவதில் ஆச்சரியம் என்ன? ஒரே அளவுருக்களோடு சரிவும், பள்ளமும், மேடும், ரோவும், அவை ஆற்றலோடு மாறும் விதமும் சேர்ந்து வர வேண்டும். அதுவும் அந்த அளவுருக்களைப் பழைய ஆற்றல்களின் தரவை வைத்து நிர்ணயித்துவிட்டு, கை வைக்காமல் புதிய ஆற்றலுக்கு நீட்டிப் பார்த்தால்தான் உண்மையான சோதனை.

எல்.எச்.சி. அப்படியொரு வாய்ப்பைக் கொடுத்தது. அது ஓடுவதற்கு முன்பே பல குழுக்கள் தங்கள் வளைவுகளை வெளியிட்டிருந்தன. 2011-இல் டோட்டம் குழு 7 டெரா எலெக்ட்ரான்வோல்ட் வளைவை வெளியிட்டது. பள்ளம் இருந்தது, ஆற்றலோடு அது உள்நோக்கி நகரும் என்ற பொதுவான எதிர்பார்ப்பும் பலித்தது. ஆனால் சரிவு, பள்ளத்தின் இடம், வால் விழும் வேகம் எல்லாவற்றையும் ஒருசேரப் பிடித்த முன்கணிப்பு எதுவும் இல்லை. ஒன்றில் ஜெயித்தது இன்னொன்றில் தோற்றது. பின்னாளில் பலர் அளவுருக்களை மாற்றித் தங்கள் மாதிரிகளைத் தரவோடு பொருத்திக்கொண்டார்கள். அதில் தவறில்லை, அறிவியல் அப்படித்தான் நகர்கிறது. ஆனால் மாற்றிய பிறகு பொருந்துவதை வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது. அடுத்த ஆற்றலில்தான் மறுபடியும் தேர்வு.

தேர்வில் வினாத்தாளே தவறாக இருப்பதும் உண்டு. 1987-இல் செர்னின் யு.ஏ.4 குழு, புரோட்டானும், நேரெதிர் மின்னூட்டம் கொண்ட அதன் எதிர்த்துகளான எதிர்ப்புரோட்டானும் மோதும்போது ரோவின் மதிப்பு 0.24 என்று அறிவித்தது. பிழை எல்லை 0.04. வழக்கமான மாதிரிகள் எதிர்பார்த்தது அதில் ஏறக்குறைய பாதி. உடனே கோட்பாட்டாளர்கள் சுறுசுறுப்பானார்கள். குறுக்குவெட்டு திடீரென வேகமெடுக்கப் போகிறது, புதிய வகைப் பரிமாற்றம் இருக்கிறது என்றெல்லாம் கட்டுரைகள் வந்தன. 0.24-ஐ அழகாக விளக்கிய மாதிரிகள் இருந்தன. அப்புறம் 1993-இல், அதே முடுக்கியில், மேம்பட்ட ஏற்பாட்டோடு மறுபடி அளந்தார்கள். 0.135 வந்தது. பிழை எல்லை 0.015. பழைய எண்ணை விளக்கிய மாதிரிகள் இல்லாத ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தன என்று தெரிந்தது. தொடங்குபவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மாதிரி தரவோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கும்போதே, தரவு தரவோடு ஒத்துப்போகிறதா என்றும் கேட்க வேண்டும்.

புதிய வகைப் பரிமாற்றம் என்றேனே, அதற்கு ஆடரான் என்று பெயர். 1973-இல் லெசெக் லூகாசுக், பாஸராப் நிக்கொலெஸ்கு இருவரும் முன்வைத்த கருத்து. பொமரான் இரண்டு குளுவான் கூட்டு என்றால் ஆடரான் மூன்று குளுவான் கூட்டு. பொமரானுக்குப் புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் ஒன்றுதான். ஆடரானோ இரண்டிடமும் எதிரெதிர்க் குறியோடு நடந்துகொள்ளும். எனவே புரோட்டான்–புரோட்டான் வளைவும் புரோட்டான்–எதிர்ப்புரோட்டான் வளைவும் மிக உயர்ந்த ஆற்றலிலும் வேறுபட்டால் அது ஆடரானின் தடயம்.

2017-இன் இறுதியில் டோட்டம் குழு 13 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டில் ரோ சுமார் 0.10 என்று வெளியிட்டது. காம்பீட் என்ற கூட்டுக்குழு 2002-லேயே எல்லாப் பழைய தரவையும் அலசி நீட்டிச் சொல்லியிருந்த மதிப்பு சுமார் 0.13. அதே காம்பீட் முன்கணிப்பு மொத்தக் குறுக்குவெட்டில் டோட்டம் அளவீட்டோடு நன்றாகவே பொருந்தியிருந்தது. அதாவது ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் தேர்ச்சி, இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் தோல்வி. காம்பீட் பரிசீலித்த மாதிரிகளில் எதுவுமே இரண்டையும் ஒன்றாகத் தரவில்லை. குறுக்குவெட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த விரிசல் கண்ணில் பட்டிருக்காது.

அடுத்து, அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் டெவட்ரான் முடுக்கியில் இயங்கிய டி-ஜீரோ குழுவும் டோட்டமும் கைகோத்தன. டி-ஜீரோவிடம் 1.96 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டில் எதிர்ப்புரோட்டான் தரவு இருந்தது. டோட்டத்திடம் 2.76, 7, 8, 13-இல் புரோட்டான் தரவு. அதே ஆற்றலில் இரண்டும் இல்லை. ஆகவே பள்ளம், மேடு, அவற்றைச் சுற்றியுள்ள சில குறிப்பிட்ட இடங்கள் ஆற்றலோடு எப்படி நகர்கின்றன என்று பார்த்து, புரோட்டான் வளைவை 1.96-க்குக் கொண்டுவந்தார்கள். எல்.எச்.சி.யில் 13-இல் மேட்டின் உயரம் பள்ளத்தைப் போல 1.77 மடங்கு. டி-ஜீரோவின் எதிர்ப்புரோட்டான் வளைவில் அந்த விகிதம் 1.00, அதாவது பள்ளமே தெரியாத ஒரு தட்டையான படி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் வலிமை 3.4 சிக்மா. ரோ, குறுக்குவெட்டு அளவீடுகளையும் சேர்த்தால் 5.2 முதல் 5.7 சிக்மா என்று 2021-இல் அறிவித்தார்கள். துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும்.

சிக்மா என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அளவீட்டுக்கும் மாதிரிக்கும் உள்ள இடைவெளியை, அளவீட்டின் பிழை எல்லையால் வகுத்தால் வருவது. ஒரு சிக்மா இடைவெளி அடிக்கடி தற்செயலாகவே வரும். ஐந்து வருவதற்கான வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று. வளைவு முழுவதற்கும் என்றால், ஒவ்வொரு புள்ளியின் இடைவெளியையும் இப்படி வகுத்து, வர்க்கமாக்கிக் கூட்டுவார்கள். அது கை-வர்க்கம். புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து திருகிய அளவுருக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வரும் எண்ணுக்கு அருகில் இந்தக் கூட்டுத்தொகை இருந்தால், பொருத்தம் நியாயமானது. அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் மாதிரி தவறு, அல்லது பிழைகளைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். மிகச் சிறிதாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே தொடங்குபவர்கள் பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. பிழைகளில் இரண்டு வகை. ஒரு வகையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். இன்னொரு வகையில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக எழும், ஒன்றாக இறங்கும். கற்றைகளில் மொத்தம் எத்தனை மோதல் வாய்ப்புகள் இருந்தன என்பதைச் சில சதவீதத் துல்லியத்தில்தான் அறிய முடிந்தால், வளைவு முழுவதும் அதே சில சதவீதம் சேர்ந்து நகரும். மாதிரியின் கோடு எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே, மூன்று சதவீதம் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிழைகளெல்லாம் தனித்தனி என்று எண்ணிக் கை-வர்க்கம் போட்டால் மாதிரி படுதோல்வி. சேர்ந்து நகரும் பிழையைக் கணக்கில் எடுத்தால் அதே மாதிரி தேர்ச்சி. இதைச் சரியாகக் கையாளப் புள்ளிகளுக்கு இடையிலான தொடர்பைச் சொல்லும் ஓர் எண் அணி (மேட்ரிக்ஸ்) தேவை; நல்ல குழுக்கள் தரவோடு அதையும் வெளியிடுகின்றன. அதைப் பயன்படுத்தாமல் போடப்படும் ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

இந்தச் சேர்ந்து நகரும் பிழைதான் இப்போது நடக்கும் விவாதத்தின் மையம். 13 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டில் மொத்தக் குறுக்குவெட்டு 110.6 மில்லிபார்ன் என்கிறது டோட்டம், பிழை எல்லை 3.4. அட்லஸ் சொல்வது 104.7, பிழை எல்லை 1.1. தனியாகப் பார்த்தால் இடைவெளி இரண்டு சிக்மாகூட இல்லை. ஆனால் 7-இலும் 8-இலும்கூட அட்லஸின் எண்தான் குறைவு. மூன்று ஆற்றல்களிலும் வேறுபாடு ஒரே திசையில் இருக்கிறது. மோதல் வாய்ப்புகளை அட்லஸ் நேரடியாக அளந்து வகுக்கிறது. டோட்டமோ மீள்சிதறலையும் மற்ற மோதல்களையும் சேர்த்து எண்ணி, ஒளியியல் தேற்றத்தின் வழியாக அந்த அளவைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறது. டெவட்ரானிலும் இதேபோல ஒன்று நடந்தது. 1.8 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டில் ஒரு குழு 80 மில்லிபார்ன் என்றது, மற்ற இரண்டு குழுக்கள் 72-ஐ ஒட்டிய எண்களைச் சொன்னன. முடுக்கி மூடும்வரை அது தீரவில்லை.

விந்தை என்னவென்றால், ரோவில் இரு குழுக்களும் ஒத்துப்போகின்றன. அட்லஸ் 2022-இல் வெளியிட்ட மதிப்பு 0.098. ஆகவே ரோ தாழ்ந்திருப்பது உண்மை என்றே கொள்ளலாம். அதை விளக்க இரண்டு பாதைகள் திறந்திருக்கின்றன. ஒன்று ஆடரான். மற்றது, எல்.எச்.சி.க்கு அப்பாலுள்ள ஆற்றல்களில் குறுக்குவெட்டின் வளர்ச்சி நாம் நினைத்ததைவிட மெதுவாகிறது என்பது. டோட்டத்தின் உயர்ந்த குறுக்குவெட்டை ஏற்றால் முதல் பாதை வலுக்கிறது. அட்லஸின் தாழ்ந்த எண்ணை ஏற்றால் இரண்டாவதற்கும் இடம் கிடைக்கிறது. எல்.எச்.சி.க்கு அப்பால் இப்போதைக்கு நம்மிடம் இருப்பவை விண்ணிலிருந்து வரும் கதிர்கள்தான். அர்ஜென்டினாவிலுள்ள பியர் ஓஜே ஆய்வகம் 2012-இல் 57 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு ஒப்பான ஆற்றலில் புரோட்டான்–காற்றுக் குறுக்குவெட்டை அளந்து, அதிலிருந்து புரோட்டான்–புரோட்டான் மதிப்பைக் கணித்தது. அந்த எண்ணின் பிழை எல்லைக்குள் இரண்டு பாதைகளுமே அடங்கிவிடுகின்றன.